மட்ட ரோட்டில் நன்றாகப் பிடிக்கிறது

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: பிரேக்கை மிதித்தபோது அண்ணனின் கால் தரைவரை போனதை நான் பார்த்தேன் என்பது.

சிறுமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அவன் போன மாதம் வாங்கிய பழைய கார். இரண்டே இருக்கை. சுவிட்சைத் தட்டினால் இமை திறப்பதுபோல் எழும் முகப்பு விளக்குகள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் வண்டி, கொடைக்கானலில் யாருடைய ஷெட்டிலோ தார்ப்பாய்க்கு அடியில் பல காலம் கிடந்தது. பள்ளியில் படிக்கும்போதே கண்ணில் பட்ட காகிதத்திலெல்லாம் அவன் வரைந்துகொண்டிருந்த கார் இது.

இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலில் தள்ளினான். என்ஜினை அணைத்தான். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை மட்டும் பாதி திருப்பி வைத்தான்.

"அப்பா இப்படித்தான் எறக்குவாரு. அந்த லொடக்கு வேன்ல, வாழைத்தாரு பாரத்தோட. ஒரு சொட்டு டீசல் செலவில்லாம."

டேஷ்போர்டில் அப்பாவின் சிறிய படம். சோலைமுத்து, சிறுமலை வாழைத்தார் வேன் டிரைவர். சர்க்கரையில் போனார், மலையில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் இதை அடிக்கடி சொல்வான்.

சத்தமில்லாத இறக்கம். முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகு, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி கருகுவதுபோல் ஒரு நாற்றம். ஒரு வளைவில் மிதித்தான், கால் உள்ளே போய்விட்டது. மறுபடி மிதித்தான். மறுபடி. கை பிரேக்கை இழுத்தான். சக்கரம் சுவரோரச் சரளையில் ஏறி நின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "எப்புடிப்பா இருந்துச்சு?"

"சூப்பர்மா."

ஆமாம்மா என்றேன் நானும்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் அண்ணன் காரைத் தெருவில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

கல்லூரி நூலகத்தில் இறக்கிவிடச் சொல்லி அவனோடு ஏறிக்கொண்டேன். வழியில் நாகல் நகரில் மெக்கானிக் நல்லுசாமியின் பட்டறையில் நிறுத்தினான்.

"மலை எறங்கையில பெடலு கொஞ்சம் உள்ள போகுதுண்ணே."

கொஞ்சம்!

நல்லுசாமி காரை பைபாஸ் வரை ஓட்டிவிட்டு வந்தார். "ஏ அப்பு, கும்முனு நிக்குது. மட்ட ரோட்டுல நிக்கிற வண்டி மலையில நிக்காதா? பிரேக் பேடு தேஞ்சிருக்கு, அதான். கோயமுத்தூர்ல சொல்லி வரவழைச்சு மாத்திருவோம்." பிறகு சிரித்துக்கொண்டே, "கல்யாணம் கட்டி ஆறு மாசம் ஆகல, இது மேல கைய வச்சுத் தடவிக்கிட்டே நிக்கிறியே. தமிழ்மதி ஒண்ணும் சொல்லலையா?"

"அவளுக்கும் இதுல ஒரு சீட்டு இருக்குல்லண்ணே."

"பிரேக் ஆயில்?" என்று கேட்டேன்.

"கொறஞ்சிருந்துச்சு தாயி, ஊத்தி நெறச்சாச்சு."

பரீட்சை ஹாலில் பேசிவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான் அண்ணன்.

பிப்ரவரி 8, சனி

சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் பேடு புதிதாகப் போட்டாயிற்று. அவன் திருப்தியாக இருக்கிறான். நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்குமாம். வருடக்கணக்காக மாற்றாமல் விட்டால் அதில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். நீண்ட இறக்கத்தில் சக்கரம் கொதிக்கும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற பலமெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி மறுபடி தண்ணீர், பெடல் மறுபடி கெட்டி. எந்த மெக்கானிக் பார்த்தாலும் நல்ல வண்டி.

பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தேன். டிகாஷன் நிறம். மேலே நல்லுசாமி ஊற்றிய புதுசு. குழாய்க்குள் பழசு அப்படியே.

இதை அவனிடம் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறேன்? அப்பா போனபின் அவன் படிப்பை விட்டுவிட்டு மோட்டார் பம்ப் கடையில் உட்கார்ந்தான், நான் எம்.ஏ. வரை போனேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வெயிலில் நின்று கொடுத்தது. அதை வைத்துக்கொண்டே, உனக்கு ஓட்டத் தெரியவில்லை, அப்பா ஓட்டியது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தானா இது?

பிப்ரவரி 16, ஞாயிறு

அண்ணன் காரை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் கன்னிவாடிக்குக் கல்யாணத்துக்குப் போனான். நல்லுசாமியிடம் ஸ்பேனரும் ஒரு பிளாஸ்டிக் டியூபும் வாங்கி வைத்திருந்தேன். புது ஆயில் வாங்கியிருந்தேன். குழாயிலிருந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. தமிழ்மதி அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மிதிங்க அண்ணி."

"மிதிச்சுட்டேன்."

"விட்றாதீங்க."

"ஐயோ, உள்ள போகுது தேவி!"

"போகணும். அப்படியே இருங்க. நான் மூடுனப்பறம் விடுங்க."

டியூபில் பழுப்பாக வந்தது, நடுநடுவே குமிழிகள். நான்கு சக்கரத்திலும் தெளிவான ஆயில் வரும்வரை விடவில்லை. அண்ணி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வண்டி வந்த நாள்லருந்து ஒங்கண்ணன் என்னைய இந்தப் பக்கம் உக்கார விடல. இன்னைக்கு நல்லா வேலை வாங்குறாரு பாரு, வீட்டுல இல்லாமலே." ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அண்ணன் திரும்பி வந்து காரில் உட்கார்ந்து பெடலை மிதித்தான். முகம் விரிந்தது. "கல்லு மாதிரி இருக்கு! பேடு இப்பத்தான் செட்டாயிருக்கு. நல்லுசாமி அண்ணன் கை பட்டா பட்டதுதான். இனிமே எப்புடி வேணா எறக்கலாம்."

அண்ணி மசகுக் கறை படிந்த விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இனிமே எப்புடி வேணா எறக்கலாம்.

பிப்ரவரி 19, புதன்

மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், அப்பா நிஜமாகவே நியூட்ரலில்தான் இறக்குவாரா என்று.

"எறக்குவாரு. ஆனா ஒரே மூச்சா எறக்க மாட்டாரு. பாதி மலையில ஒரு டீக்கடை இருந்துச்சு. அங்கன நிறுத்திச் சக்கரத்துக்கிட்ட கைய வச்சுப் பாப்பாரு. ஒரு டீ, ஒரு வெத்தலை. கை பொறுக்குற சூடு வந்தாத்தான் கெளம்புவாரு. சில நாளு ஒரு மணி நேரங்கூட ஆகும்."

அப்பா நிறுத்தியது டீ குடிக்க இல்லை, சக்கரம் ஆறுவதற்கு!

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தேன்: "அப்பா பாதி மலையில வேனை நிறுத்துவாராமே?"

அண்ணன் கண் மின்னியது. "ஆமா! எனக்குப் பன்னு வாங்கித் தருவாரு. இம்புட்டுப் பெருசு. டீயில தொட்டுத் தின்னுக்கிட்டே வேடிக்கை பாப்பேன்."

அவனுக்குப் பன் மட்டும் நினைவிருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மேற்கொண்டு சொல்ல முடியவில்லை. பிறகு அண்ணியிடம் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனால், இறங்கும்போது நடுவில் எப்படியாவது நிறுத்தவையுங்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணி நிறுத்தவைத்திருக்கிறாள். மாடியில் துணி எடுக்கும்போது சொன்னாள்.

"பெடலு உள்ள போகல தேவி. மரக்கட்டையாட்டம் இறுகிப்போச்சு. எந்திரிச்சு நின்னு மிதிக்கிற மாதிரி மிதிக்கிறாரு, வண்டி கேக்க மாட்டேங்குது. நீ சொன்ன அதே கருகல் நாத்தம். வாந்தி வருது, நிறுத்துங்கன்னு கத்துனேன். மண்மேட்டுல ஒரசித்தான் நின்னுச்சு. முன் சக்கரத்துல பொகை."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"புது பேடு, அப்படித்தான் பொகையும்னாரு. நான் வாய் கொப்பளிக்கிறேன், மூஞ்சி கழுவுறேன்னு செத்த நேரத்தக் கடத்துனேன். ஆறுனப்பறம் நல்லா எறங்கிருச்சு."

ஆயில் கொதிக்கவில்லை. என் வேலை சரி. ஆனால் என்ஜினை அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைப் பலம் சில மிதியில் தீர்ந்துவிடும். கியரும் இழுத்துப் பிடிக்காது. எல்லாப் பாரமும் பேடின் மேல். சூடேறிய பேடு வழுக்கும். வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

இதற்குள் கீழே அம்மா காதில் "வாந்தி" மட்டும் விழுந்துவிட்டது. அண்ணியின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணேறு கழித்தாள். குங்குமப்பூ போட்ட பால் தயார். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். நடுக்கூடத்தில் நின்று எப்படிச் சொல்வது, அது வாந்தி இல்லை, பயம் என்று? நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சொல்லவில்லை. அம்மா பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

மலையில் ஒரு எஸ்டேட்டில் மோட்டார் ஓடவில்லையென்று போன் வந்தது. கடை வண்டி எரியோடு ஊருக்குப் போயிருந்ததால் அண்ணன் காரை எடுத்தான்.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "நானும் வாரேன்."

அம்மா பதறினாள். "புள்ளத்தாச்சி மலையெல்லாம் ஏறலாமா? பேசாம உள்ள போத்தா."

அண்ணன் சிரித்தான். "நீ வந்தா வழியெல்லாம் நிறுத்தச் சொல்லுவ. வீட்டுலயே இரு, பன்னு வாங்கியாரேன்."

நான் கேட்வரை ஓடினேன். "அண்ணே, கியர்ல எறக்கு. என்ஜினை அணைக்காத. பாதியில நிறுத்தி ஆற விடு, அப்பா அதுக்குத்தான்..."

"சரிங்க டீச்சர்." முகப்பு விளக்குகளை ஒருமுறை திறந்து மூடினான், கண்ணடிப்பதுபோல். போய்விட்டான்.

மணி நான்கு. போனை எடுக்கவில்லை. மலையில் சிக்னல் இருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

அன்றைக்கு இறங்கும்போது ஆறாம் வளைவில் சுவரை உடைத்துக்கொண்டு கார் விழுந்தது. அண்ணன் அங்கேயே இறந்துவிட்டான். காரில் வேறு யாரும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும் காரை நல்லுசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்: "ஆயில்ல ஒரு கொறையும் இல்ல தாயி. பேடெல்லாம் கருகிக் கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்கு. கியரு நியூட்ரல்ல கெடக்கு."

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே ஒரு ஆறுதலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: அண்ணி வயிற்றில் அவன் பிள்ளை இருக்கிறது என்று. தினமும் அண்ணிக்குப் பால் காய்ச்சினாள். அண்ணி குடித்தாள்.

இன்று காலை அண்ணிக்கு மாதவிலக்கு. கொடியில் காய்ந்த துணியை அம்மா பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்து, பாலை இறக்கிவைத்தாள்.