ஆடும் பல்லை மறைக்காதே, அக்கா

அக்காவுக்கு வணக்கம். உடம்பு தேவலையா, அத்தான் சுகமா? பித்தப்பையில் கல் இருக்கும் என்று டாக்டருக்கு முன்பே நான் சொன்னேன், நீதான் கேட்கவில்லை. இப்போது மயக்க ஊசிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறாயாம்.

இங்கே எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர்கள் தலை நரைத்த பிறகும் வருடா வருடம் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள். போன வாரம் பயிற்சிக்கு நோயாளியாகப் படுக்க ஆள் தேடினார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற என்னை விட்டால் அந்த வேஷத்துக்கு யார் பொருத்தம்?

ஒரு டாக்டரம்மா, "பல்லு ஏதாவது ஆடுதா?" என்றார்.

"எல்லாம் இரும்பு மேடம்."

விரலால் தொட்டார்; முன்பல் ஊஞ்சலாடியது.

"மயக்கத்துல இது தொண்டைக்குள்ள போனா யாருங்க எடுக்கிறது? உங்க ஜம்பத்த வீட்ல வெச்சுக்குங்க."

வகுப்பே சிரித்தது. ஆகவே உன் ஆடும் பல், குறட்டை, ஒளிந்து குடிக்கும் காபி எல்லாவற்றையும் சொல்லிவிடு. எங்கள் பெரிய டாக்டரும் உன் ரிப்போர்ட்டைப் பார்த்து, "உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் போன் போடு. திட்டுவதற்காகவாவது பேசு. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

பின்குறிப்பு: பெரிய டாக்டர் சொன்னதாக எழுதியது என் கைச்சரக்கு. அவர் என்னிடம் பேசியதே இல்லை. அந்த வார்த்தையை உன் டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள். கேட்டு எனக்கும் சொல்.