வாசனை இல்லாத கரி

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, வாசனைக்காக இல்லை. புகை குறையத்தான். அக்கா மறுபடி கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அக்காவின் கிரில் கடைக்கு நேர் மேலே பல் டாக்டர். அவரிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறார்கள். எங்கள் புகை நேரே உள்ளே இறங்குகிறது. இன்று கட்டிட உரிமையாளரையே அழைத்து வந்து காட்டிவிட்டார். பதினான்காம் தேதி வரை கெடு. அன்றும் புகை வந்தால் அடுப்பை எடுத்துவிட வேண்டும். அடுப்பில்லாத கிரில் கடை. அக்கா கம்பி வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்த வலை.

நான் வேலை பார்க்கும் காபிக் கடையில் தினம் இரண்டு வாளி காபிச் சக்கை குப்பைக்குப் போகிறது. அதைக் காயவைத்து, மூடிய டின்னில் சுட்டு, கஞ்சிப் பசை கலந்து அழுத்தினால் கரிக்கட்டி. புகை குறைவு என்று படித்தேன். எதையும் முதலில் படிக்கத்தான் செய்கிறேன்.

மார்ச் 5

வீட்டு மொட்டைமாடி முழுக்கச் சக்கை. அக்கா வந்து பார்த்தாள். "எம்.ஏ. படிச்சிட்டு குப்பையை வெயில்ல காயப்போடுறியேடி."

காக்கைகூட இறங்கவில்லை.

மார்ச் 7

வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் காலி இடம். டின் மூடியில் ஓர் ஆணித் துளை. அதன் வழியே முதலில் வெள்ளைப் புகை, பிறகு மஞ்சள். நடுவில் — அந்த மணம். தெருவே காபி குடித்ததுபோல. புகை முழுக்க நிற்கும்வரை விட வேண்டும் என்று படித்திருந்தேன். விடவில்லை. நெருப்பை அணைத்தேன். கோழியில் காபி மணம் ஏறும். கடைப் பலகையில் எழுத வாசகம்கூட யோசித்துவிட்டேன்.

மார்ச் 10

கரிக்கட்டிகளைப் பற்றவைத்த ஐந்து நிமிடத்தில் கடைக்குள் கண் திறக்க முடியவில்லை. கோழி கசந்தது. டாக்டர் முகமூடியோடு இறங்கி வந்தார், அடுப்பை இன்றே எடுத்துவிடலாமே என்றார்.

"பதினாலுன்னு சொன்னீங்க டாக்டர். பதினாலு வாங்க." அக்காவின் குரல் நடுங்கவில்லை.

அவர் போனதும் ஒரு கட்டியை உடைத்துக் காட்டினாள். உள்ளே பழுப்பு.

"இது கரி இல்லடி. இது இன்னும் காபி. உனக்கு மணக்கணும். எனக்கு எரியணும்."

திட்டியிருக்கலாம். ஏன் திட்டல அவ?

முதல் நாள் முதல் வரியே பொய். அதை அடித்துத் திருத்தப்போவதில்லை. இருக்கட்டும்.

மார்ச் 11

மிச்சச் சக்கை. அதே டின். மணம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மணம் போயிற்று. துளையில் புகை ஓயும்வரை நின்றேன். திறந்தால் கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை.

இடித்து, பிசைந்து, அழுத்தி முடிக்கையில் நகக்கண் எல்லாம் கறுப்பு.

மார்ச் 12

நல்ல வெயில். திருப்பிப் போட்டேன்.

மார்ச் 13

ஒன்றை உடைத்தேன். நடுவரை காய்ந்திருக்கிறது. நடுவரை கறுப்பு.

மார்ச் 14, சனி

பத்து மணிக்கே பற்றவைத்தோம். சாம்பல் பூத்த கனல், சத்தமில்லாமல். கொழுப்பு சொட்டும்போது மட்டும் ஒரு நூல் புகை. அக்கா துண்டுகளை ஓரத்துக்குத் தள்ளினாள். அதுவும் நின்றது.

பதினொன்றுக்குக் கட்டிட உரிமையாளரும் டாக்டரும் வந்தார்கள். டாக்டர் வாசலைத் தாண்டவில்லை.

"சரி, பத்த வைங்கம்மா. பாத்துடலாம்" என்றார் உரிமையாளர்.

அக்கா வெந்த துண்டை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். டாக்டர் அடுப்பைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். நின்றபடியே தின்றார்.

"காபிக் கரின்னாங்க. வாசனையே இல்லையே?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

காலி வாளிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.