பொன் போட்டும் வற்றாத வீக்கம்

என் ஆசை அக்காவுக்கு,

உன் மகள் வள்ளி நன்றாக இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதியிலேயே பதறிப்போவாய். நீ கண்ணை மூடிய பிறகு சிம்மக்கல்லில் என்னோடுதான் இருக்கிறாள். வாய் இருக்கிறதே, அம்மாடி, அப்படியே நீதான்!

போன வருஷம் அவளுக்கு வலது தாடை வீங்கியது. பொன்னுக்கு வீங்கிதான் என்று உசிலம்பட்டியிலிருந்து மகளைப் பார்க்க வந்த அத்தான் அடித்துச் சொல்லி, உன் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டார். சில நாளில் வற்ற வேண்டியது, மாதக்கணக்காகியும் வற்றவில்லை. தங்கம் போதவில்லையாம்! பக்கத்து வீட்டுக் காசுமாலையையும் இரவல் வாங்கி மாட்டினார். ஒரு கன்னம் உப்பிய கல்யாணப்பெண் மாதிரி பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அத்தானையும் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "நகை போட்டு வத்துற வீக்கம் இல்லம்மா. உள்ள முளைக்காத பல்லச் சுத்தி ஒரு நீர்ப்பை இருக்கு. கெட்ட கட்டி இல்ல. ஆனா சும்மா விட்டா தாடை எலும்ப அரிச்சிரும்."

அத்தான் கொதித்துவிட்டார். "பொட்டப்புள்ள மூஞ்சியில கத்தி வைக்கிறதா? நாளைக்கு எவன் கட்டுவான்?"

முகம் கோணிப்போகுமோ என்று அவருக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா, அக்கா?

"வெளிய ஒரு கீறல் விழாது. வாய்க்குள்ளயே பையத் திறந்து நீர வடிச்சிருவேன். பல்லப் பிடுங்க மாட்டேன். இடம் கெடச்சா அதுவா மேல வரும்" என்றார் டாக்டர்.

மயக்க மருந்து கொடுத்து அப்படியே செய்தார். அதுவரை அத்தான் வராந்தாவில் நின்று அழுதார். அந்த மனுஷன் அழுது நீ பார்த்திருக்கிறாயா?

திறந்த பையின் வாய் மூடிக்கொள்ளாமல் மருந்துத்துணி வைத்து மாற்றி மாற்றி, வீக்கம் மெல்ல வற்றியது. கன்னத்தில் ஒரு தழும்பு கிடையாது. ஆனால் பல்தான் வரக் காணோம். உள்ளேயே மக்கிவிட்டதோ என்று எனக்கு ஒரே கவலை. அத்தான் வரும்போதெல்லாம் "எங்க, ஆ காட்டு" என்று விரலை விட்டுத் தடவுவார்.

"நான் என்ன மாடாப்பா, பல்லப் புடிச்சுப் பாக்குறீக?" என்பாள் உன் மகள்.

இன்று காலையும் தடவினார். விரலில் ஏதோ குத்தியது. அவ்வளவுதான், தெருவுக்கே ஓடிவிட்டார். "எம்மகளுக்குப் பல்லு முளைச்சிருச்சு!"

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அடடே, எத்தன மாசத்துப் புள்ளண்ணே?" என்று கேட்டார்.

"பத்து வயசு!" என்றார் அத்தான், மாரை நிமிர்த்திக்கொண்டு.

அந்தப் பல் நேராக வந்து நிற்கும்வரை டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருப்பேன். நீ கவலையில்லாமல் இரு, அக்கா.

உன் பிள்ளைக்குச் சித்தியும்,
உனக்கு என்றும் சின்னவளுமான
மீனா