கடைசி அத்தியாயம் இல்லாத பிரதி

மார்ச் 5
ஞாயிறு இதழில் நான் எழுதும் புத்தகப் பக்கத்துக்கு இந்த முறை ஒரு துப்பறியும் நாவல். எழுதியவர் கால்நடை மருத்துவர், முதல் புத்தகம். ஒரு பண்ணை வீடு, ஒரு கொலை, சந்தேகப்பட ஒரு குடும்பமே இருக்கிறது. பாதியிலேயே தெரிந்துவிட்டது — மருமகன்தான்.

மார்ச் 6
அடேயப்பா! கொலையாளி யாரென்று சொல்லவே இல்லை. இன்ஸ்பெக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார், அவ்வளவுதான். முதல் நாவலிலேயே என்ன துணிச்சல்! 'முடிச்சை அவிழ்க்காமல் நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்' என்று எழுதி அனுப்பினேன். எனக்கே பிடித்த வரி.

மார்ச் 11
விமர்சனம் வந்தது. அண்ணி போனில் ஆஹா ஓஹோ.

மார்ச் 14
விமர்சனத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் கடையில் அதே புத்தகத்தை வாங்கியிருக்கிறார். சாப்பிடும்போது, "அந்த அத்தைக்காரி இப்படிப் பண்ணுவான்னு நெனக்கவே இல்லடி" என்றார்.

"எந்த அத்தை? என்ன பண்ணா?"

"அவதானே கொன்னா! கடைசி அத்தியாயத்துல அவளே சொல்றாளே."

எனக்கு வந்த பிரதியில் அந்த அத்தியாயமே இல்லை. பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. ஐயோ, மானம் போச்சு!

மார்ச் 15
திருத்தம் போட வேண்டும் என்றேன். பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார்: "யாரும் கேக்கல. நீங்களா எதுக்கு வாயக் குடுக்குறீங்க?"

நாவலை எழுதிய டாக்டருக்குத் தெரியுமே!

வீட்டுக்காரரின் பிரதியில் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். எல்லாத் தடயமும் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. சுத்தமாக ஏமாந்திருக்கிறேன்.

மார்ச் 16
டாக்டருக்கு நானே போன் செய்தேன். "முடிவப் படிக்காமலே எழுதிட்டேங்க. மருமகன்தான்னு வேற நெனச்சிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க."

 

"அப்பாடா!" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, அடுத்த பதிப்புல அந்த அத்தியாயத்தையே தூக்கிடச் சொல்லிட்டேன். எனக்கு ஒரே அழுகை."

"ஐயையோ! தூக்காதீங்க! மொதல்ல போனை வைங்க, பதிப்பாளரக் கூப்பிடுங்க!"

கத்தியே விட்டேன். வீட்டுக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 25
திருத்தம் வந்தது. பத்திரிகை ஆசிரியர் இரண்டு வரிதான் தருவேன் என்றார். சண்டை போட்டு அரைப் பக்கம் வாங்கினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். கொன்றது யாரென்று மட்டும் சொல்லவில்லை. அண்ணியிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 22
டாக்டர் கூப்பிட்டார். அடுத்த நாவல் பாதி ஆகிவிட்டதாம். "அதுவரைக்கும் படிச்சிட்டு, யார் மேல சந்தேகம்னு சொல்லுங்க. நீங்க சொல்ற ஆள் தப்பா இருந்தா, கதை சரியாப் போகுதுன்னு அர்த்தம்."

கிண்டலா, மரியாதையா?

படித்துக் கொடுத்தால் அந்தப் புத்தகத்துக்கு நான் விமர்சனம் எழுத முடியாது. போகட்டும். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.