அம்மாவின் தேய்மானம்

நைனார்பாளையம்

அன்பு மகள் அபிநயாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் புனேயில் சுகமாயிருக்க ஆண்டவன் துணை. இங்கே நாங்கள் இருக்கிறோம். ஒன்பது வருஷமாகப் பேசாதவன் எழுதுகிறானே என்று பயப்படாதே, அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். விலாசம் உன் தம்பி செழியன் கொடுத்தான். போனில் பேச எனக்கு வாய் வரவில்லை.

போன மாசம் நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்து அறுபது வயசு தாண்டியவர்களையெல்லாம் சோதித்தார்கள். வாழ்க்கையில் பட்ட கஷ்டம் உடம்பை எவ்வளவு தேய்த்திருக்கிறது என்று அளக்கிறார்களாம். பிரஷர் பார்த்து, இடுப்பை டேப்பால் அளந்து, ரத்தம் எடுத்து, காலையில் எழுந்ததும் ஒருதரம் சாயங்காலம் ஒருதரம் எச்சிலைச் சின்னக் குப்பியில் பிடித்துவரச் சொன்னார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே பையன் என்றாள். உன் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொன்னவன் நான்தானே.

திங்கட்கிழமை முடிவு சொன்னார்கள். எனக்கு வயசுக்கேற்ற உடம்புதானாம். அம்மாவிடம் ரம்யா என்கிற டாக்டர் பெண், ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் ஜாஸ்தி, ஆனால் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அறுபத்திரண்டு வயசுக்கு இவ்வளவு தேய்ந்திருக்கக்கூடாது, ரொம்ப நாளாக மனசில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மரவள்ளிக் காட்டில் என்னோடு சமமாய்க் குனிந்து நிமிர்ந்தவள், இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாங்க முடியாமல், "ரெண்டு புள்ளைங்கம்மா, மூத்தது பொண்ணு. அதுவா கல்யாணம் கட்டிக்கிச்சுன்னு நான்தான் வூட்டுக்கு வராதன்னுட்டேன்" என்றேன். தேய்ந்தது திரும்புமா என்றும் கேட்டேன். மாத்திரை எழுதிக்கொடுத்து, கம்மியாகலாம், முழுசாகச் சொல்ல முடியாது என்றது அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து அம்மா உலை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "யாரோ எவரோகிட்ட ரெண்டு புள்ளைங்கன்னு சொல்லத் தெரிஞ்சுது. ஒம்போது வருசத்துல எங்கிட்ட ஒரு நாளு சொல்லக்கூடாதா?"

நான் கழனிக்குப் போன நேரம் பார்த்து அவள் உன்னோடு பேசுவது எனக்குத் தெரியும். இனி நான் இருக்கும்போதே போன் போடு. மாத்திரை போட்டாளா என்று மறக்காமல் கேள், நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஒரு நடை வந்து அவள் பக்கத்தில் இரு. என் முகத்தைப் பார்க்க மனசில்லை என்றால் சொல், நீ இருக்கிற வரைக்கும் நான் தியாகதுருகத்தில் உன் அத்தை வீட்டில் இருந்துகொள்கிறேன்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கணும். குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று இதுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. நீயே எழுது.

உன் அப்பா,
ஆதிமூலம்