சிரிக்காத வாத்தியார்

இன்று காலை பேத்தி ஷைனியின் போன், 'நல்ல கேள்வி' என்று அவளைப் பாராட்டியது. சாளை மீன் அரிந்துகொண்டிருந்த எனக்கு உன் நினைவு வந்தது. ஏட்டி, நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது.

ஷைனி கல்லூரியில் கணக்கு படிக்கிறாள். நம் தெருவிலிருந்து கணக்கு படிக்கப்போன முதல் பெண். என் கர்வத்தை உனக்குச் சொல்ல வேண்டுமா? போன தேர்வில் தவறிவிட்டாள். மறுபடியும் தவறினால் படிப்பை விட்டுவிடுவாளாம். இப்போது போனுக்குள் இருக்கும் ஏஐதான் அவளுக்கு வாத்தியார். எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் சொல்கிறது. எதற்கெடுத்தாலும் புகழ்கிற வியாபாரியைச் சந்தையில் நாம் நம்பியதுண்டா?

"அதுக்கு எதுக்கு மக்கா இவ்வளவு பொறுமை? நம்மகிட்ட என்ன வேணுமாம்?" என்றேன்.

"அது சிரிக்காது ஆச்சி. வகுப்புல ஒரு சந்தேகம் கேட்டேன், எல்லாரும் சிரிச்சாவ. அதோட நான் வாயே தொறக்கல்ல."

என் கத்தி நின்றுவிட்டது.

நாலாம் வகுப்பில் நீ எழுந்து கேட்டாய்: "அஞ்சு மீனைப் பூச்சியத்தால பெருக்கினா ஒண்ணுமில்லன்னா, மீனு எங்க சார் போச்சு?" வகுப்பே சிரித்தது. கணக்கில் முதலாவதான நான்தான் ஓங்கிச் சிரித்தேன். மறுநாள் உன் அம்மாவோடு மீன்கூடை சுமக்கப் போய்விட்டாய். நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். பிறகு புதுக்கடைச் சந்தையில் எத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்! எதெதற்கோ என்னைத் திட்டினாய். அந்தச் சிரிப்பை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

படித்தது இவளா, போனா என்று எனக்குச் சந்தேகம். "அத அங்க வச்சிட்டு எனக்குச் சொல்லித் தா" என்றேன்.

ஒன்றைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கிக்கொண்டே போனால் பூச்சியத்தை நெருங்குமாம், ஆனால் தொடாதாம்.

"அப்போ கடைசித் துண்டு யாருக்கு?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ ஆச்சி, இதுகூடவா!"

இந்த வயதில் எனக்குக் காது சுட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய்விடத் தோன்றியது. அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

போகவில்லை. "சிரிச்சு முடிச்சியா? இனி சொல்லு."

அவள் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்தாள். போனைத் தொடாமல் பேனாவை எடுத்தாள்.

அந்தப் போனை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் சிரித்துச் சிரித்தே பிள்ளைகளை அதனிடம் துரத்திவிட்டது யாரென்று தெரியும். ஏட்டி, அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த வாய் இதுதான். இதை வைத்துக்கொண்டுதான் இப்போது சந்தேகம் கேட்கிறேன்.