பின் பிரேக்கும் என் பெருமையும்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று பதினோரு பேருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். வீட்டு வாசலில் என் இரண்டு கதவு சிவப்புக் கார். வயது இருபத்தாறு. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இது இல்லை. ஏன் இல்லை என்று நான் யோசிப்பதில்லை.

மே மாதம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும், நேரம் குறிப்பார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

சொன்னேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஐம்பத்திரண்டு வயசுலயா?"

"காருக்கு இருபத்தாறுதானே."

நான் மட்டும் சிரித்தேன்.

மார்ச் 14, சனி

சாமான்கள் வந்துவிட்டன. பின்பக்கத்து டிரம் பிரேக்குக்குப் பதில் பெரிய டிஸ்க் பிரேக். கூடவே, எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் புது டிஃபரன்ஷியல். பழையது வளைவில் ஒரு சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும். இது இரண்டையும் சேர்த்து இழுக்கும்.

"ரெண்டையும் நானே மாட்டிடறேன் சார், பிரேக் விஷயத்துல ஒண்ணு—" என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"டிஃபரன்ஷியல் மட்டும் நீங்க பாருங்க. பிரேக் நான் பாத்துக்கறேன்."

இப்படிப் பேசியது நானா? நானேதான்.

மார்ச் 15, ஞாயிறு

துருப்பிடித்த ஒரு நட்டோடு மூன்று மணி நேரம். கடைசியில் கழன்றது என் இடுப்பு.

மார்ச் 22, ஞாயிறு

பிரேக் குழாயில் காற்று தங்கக் கூடாது. உள்ளே ஒருவர் பெடலை மிதிக்க, வெளியே ஒருவர் சக்கரத்தருகே உள்ள திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். மனைவியை உள்ளே உட்கார வைத்து, "மிதி… விடாதே… மிதி" என்று அரை மணி நேரம் அதிகாரம் செய்தேன். பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது.

இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஊசியில காத்து மேலதானே ஏறும்? உங்க திருகு ஏன் கீழ இருக்கு?"

இடது பக்கத்துச் சாமானை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். மாற்றி மாட்டியதும் பெடல் இறுகியது. நான் அடுத்தவர் கண்ணுக்கு நம்பர் போடுகிறவன்!

ஏப்ரல் 19, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஓடுதளத்தில் ஒத்திகை. அவளும் பக்கத்தில். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன் — பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. ஒன்றரைச் சுற்று. புல்லில் போய்ப் பின்பக்கமாக நின்றோம்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "மூச்சு விடுங்க. மெதுவா." அப்புறம், "இறங்குங்க."

வீடு வரை அவளே ஓட்டினாள்.

என்னையே திட்டிக்கொள்கிறேன்: புல்லுக்குப் பதில் சுவர் இருந்திருந்தா? என்னடா பண்ணி வெச்சிருக்கே? ஒரு வால்பேப்பர் ஒட்டத் தெரியுமா உனக்கு — பிரேக் மாத்தறானாம், பிரேக்!

ஏப்ரல் 20, திங்கள்

மெக்கானிக் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"முன்னாடி பழைய பிரேக், பின்னாடி பெரிய பிரேக். முன்சக்கரம் பிடிக்கறதுக்குள்ள பின்சக்கரம் சுத்தாம பூட்டிக்கும் சார். பின்பக்கம் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு போடணும். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

மனைவியிடம், காரை விற்றுவிடுகிறேன் என்றேன்.

"வால்வைப் போட்டு எடுத்துட்டு வாங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து திரும்பி வர்றப்ப, அந்தப் பாலத்து வளைவுல ரெண்டு சக்கரமும் சேந்து இழுத்துச்சு பாருங்க… நல்லா இருந்துச்சு."

மே 10, ஞாயிறு

பதினேழு பேரில் பதினாறாவதாக வந்தேன். பதினேழாமவருக்கு வழியில் டயர் பஞ்சர்.

இடைவேளையில், "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். பயப்படாதே, மெதுவாகப் போ என்று புத்தி சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து நின்றதும், நேரம் குறிப்பவர் கடிகாரத்தை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

என்னைவிட ஒன்பது வினாடி குறைவு.

மே 11, திங்கள்

இன்று கடையில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது வினாடியை மட்டும். பதினாறாவதை அல்ல.

ஜூன் 14, ஞாயிறு

அதே ஓடுதளத்தில் அடுத்த பந்தயம். பெண்கள் பிரிவில் அவள் மூன்றாவது. வேலியோரம் பக்கத்தில் நின்றவர், "நீங்களும் ஓட்டறீங்களா சார்?" என்றார். "இல்லைங்க, கூட வந்திருக்கேன்" என்றேன்.

மாலையில் காரைக் கழுவி உள்ளே நிறுத்தினேன். சீட் இப்போது அவள் காலுக்கு ஏற்ற தூரத்தில் இருக்கிறது. ஏறினால் என் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. நகர்த்தவில்லை; இடித்துக்கொண்டே நிறுத்திவிட்டு வந்தேன்.